சனிக்கிழமை நல்லெண்ணெய்

குருத்துப் போச்சு. ஞாயிற்றுக்கிழமையும் அதுவுமாக, வாயில் காபி கூடப் படாமல் எதிர்வீட்டுப் பூட்டைத் திறந்து, திரைச்சீலையை ஒதுக்கிவிட்டு, செடியின் உச்சியைப் பார்த்த மாத்திரத்தில் சென்னியப்பனுக்கு அது தெரிந்துவிட்டது. பழுத்த மிளகாய் நிறத்தில் விறைப்பாக நின்ற குருத்து ரெண்டு மூணு நாளாகவே களையிழந்துகொண்டுதான் வந்தது. வெயில், மேகம், மேம்பால வேலை நடக்கிற ரோட்டுப் புழுதி என்று நாளுக்கொரு காரணம் சொல்லித் தன்னைத்தானே தேற்றிக்கொண்டிருந்தார். இன்றைக்குத் தேற்றிக்கொள்ள ஒன்றுமில்லை. வெங்காயச் சருகு மாதிரி பழுப்பாகச் சுருங்கி நிற்கிறது. பொள்ளாச்சிப் பக்கத்தில் தென்னந்தோப்புக்குள் பிறந்து வளர்ந்த மனுஷனுக்கு இதற்கு என்ன அர்த்தமென்று யாரும் சொல்லித் தரத் தேவையில்லை. மட்டை காயலாம், பாளை கருகலாம், குரும்பை கொட்டலாம், தென்னை எப்படியாவது பிழைத்துக்கொள்ளும். குருத்துப் போனால் மரம் போச்சு. அப்பா அப்படிப்பட்ட மரத்தடியில் நின்று அண்ணாந்து பார்ப்பார், துண்டை உதறித் தோளில் போடுவார், பேசாமல் வீட்டுக்கு வருவார், அவ்வளவுதான், மறுநாள் கோடாலி வந்துவிடும். சென்னியப்பனும் இப்போது அண்ணாந்து பார்த்தார். உதறுவதற்குத் தோளில் துண்டு கூட இல்லை. இது தோப்பில்லை, கோயமுத்தூரில் ஓர் அபார்ட்மெண்டின் இரண்டாவது மாடி, கோகிலவாணி டீச்சர் வீட்டு ஹால். அந்த டீச்சர் கோடை லீவுக்குச் சென்னையில் மகள் வீட்டில் இருந்துவிட்டு இன்றைக்கு ரயிலில் வந்துகொண்டிருக்கிறார். வண்டி இந்நேரம் ஈரோட்டைத் தாண்டியிருக்கும். வந்து ஒரு பதில் சொல்லப் போகிறார். எதற்குப் பதில் என்று நினைத்தாலே சென்னியப்பனுக்கு ஐம்பத்தோரு வயதில் காதுமடல் சூடாகிறது. சரி, அதை அப்புறம் நினைத்துக்கொள்ளலாம், முதலில் குருத்து.

மணி பிளாண்ட் என்றுதான் அவரும் ஆரம்பத்தில் நினைத்திருந்தார். மூன்று வருஷத்துக்கு முன்னால் அம்மாவைக் கூட்டிக்கொண்டு இங்கே குடிவந்த புதிதில், எதிர்வீட்டுக் கதவு திறந்திருந்தபோது எட்டிப் பார்த்து, மணி பிளாண்ட் நல்லா வந்திருக்குதுங்களே என்று மரியாதைக்கு ஒரு வார்த்தை சொல்லிவைத்தார். பள்ளிக்கூடத்தில் கணக்குச் சொல்லிக்கொடுக்கிறவர் அல்லவா, தப்பை அப்படியே விட மனசு வராது. மணி பிளாண்ட் வேறே ஜாதிங்ணா, இது ஃபிலோடென்ட்ரானுங்ணா என்றார் டீச்சர். பேர் வாயில் நுழையவில்லை. குளிக்கும்போது, வண்டி ஓட்டும்போது, தாம் வேலை செய்கிற பம்பு கம்பெனியில் மோட்டாரைத் தண்ணீர்த் தொட்டிக்குள் இறக்கிக் குமிழி வருகிறதா என்று பார்த்துக்கொண்டிருக்கும்போது, ஃபிலோ, டென்ட்ரான், ஃபிலோ, டென்ட்ரான் என்று ஒரு வாரம் சொல்லிப் பார்த்தார். மரத்தின் மேல் ஆசை வைத்தது என்று அந்தப் பேருக்கு அர்த்தமாம். எங்கேயோ மழைக்காட்டில் பெரிய மரங்களைத் தொற்றிக்கொண்டு மேலே போகிற வகையாம். வீட்டுக்குள்ளே மரத்துக்கு எங்கே போவது, அதனால்தான் தொட்டியில் தேங்காய் நார் சுற்றின கம்பை நட்டு வைத்திருக்கிறார் டீச்சர். தேங்காய் நார் என்றதும் சென்னியப்பனுக்கு நம்ம ஊர்ச் சரக்கு என்று ஓர் உறவு வந்துவிட்டது. ஹாலில் மொத்தம் மூன்று தொட்டி. ஜன்னல் கம்பியிலிருந்து வெற்றிலைக்கொடி மாதிரி இறங்குவது ஒன்று, டிவி பக்கத்தில் எலுமிச்சை நிற இலையோடு குட்டையாக ஒன்று, மூலையில் நார்க்கம்பைக் கட்டிப் பிடித்துக்கொண்டு ஆள் உயரத்துக்கு மேல் நிற்கிற இந்தச் சிவப்புத் தண்டுக்காரன் ஒன்று. மற்ற ரெண்டுக்கும் ஒரு கேடும் வரவில்லை. அதுகள் பாட்டுக்கு இருக்கின்றன. வந்த கேடெல்லாம் டீச்சருக்கு உயிரான இவனுக்கா வரவேண்டும்? அது சரி, எந்த வீட்டில்தான் செல்லப் பிள்ளைக்கு இல்லாமல் மற்றவனுக்குக் காய்ச்சல் வந்திருக்கிறது.

ங்ணா, ங்ணா என்று அண்ணா போட்டுக் கூப்பிட்டதில் அப்போது அவருக்கு வருத்தமில்லை. இந்த ஊரில் காய்கறிக்காரரும் அண்ணா, கண்டக்டரும் அண்ணா, கேஸ் சிலிண்டர் தூக்கி வருகிறவரும் அண்ணா. அந்த வரிசையில் தாமும் ஒருத்தர் என்று பேசாமல்தான் இருந்தார். வருத்தம் பின்னால் வந்தது. அம்மா தவறின பிறகு, அவருக்கு ஜுரம் கண்டபோது எதிர்வீட்டிலிருந்து கொள்ளு ரசம் வந்ததே, அப்போதா? லிஃப்ட் நின்றுபோன அன்றைக்கு ரெண்டு பேரும் ஆளுக்கொரு பையோடு படியேறி, முதல் மாடி வளைவில் மூச்சு வாங்க நின்று, காரணமே இல்லாமல் சிரித்தார்களே, அப்போதா? எப்போது என்று சொல்லத் தெரியவில்லை. மோட்டார் எந்த நிமிஷத்தில் சூடேற ஆரம்பித்தது என்று யாரால் சொல்ல முடியும், கையை வைத்தால் சுடுகிறது, அவ்வளவுதான் தெரியும். செவ்வாய் தோஷம் என்று சொல்லி ஊர் ஊராகப் பெண் பார்த்து, போன வீட்டிலெல்லாம் பலகாரம் தின்றதுதான் மிச்சம் என்று அம்மாவே கேலி பேசுகிற அளவுக்கு ஆகி, நாற்பதோடு அந்தப் பேச்சை நிறுத்தியாயிற்று. டீச்சருக்கும் கணவர் போய்ப் பன்னிரண்டு வருஷம் ஆகிறது. மகளைப் படிக்க வைத்து, கட்டிக்கொடுத்து, தனியாக இருக்கிறார். காலையில் இந்த வீட்டுக் குக்கர் மூன்று விசில் அடிக்கும். கொஞ்ச நேரத்தில் எதிர்வீட்டுக் குக்கர் மூன்று விசில் அடிக்கும். ஒரு நாள் மாடிப்படியில் வைத்து, எங்கிருந்துதான் அந்தத் தைரியம் வந்ததோ, சென்னியப்பன் கேட்டேவிட்டார்: "ரெண்டு வீட்டுலயும் ஒரு ஆளுக்கு ஒரு குக்கருங்க டீச்சர். ஒரே குக்கரா வெச்சுக்கலாமுங்களா?" டீச்சர் ரெண்டு படி மேலே நின்றுகொண்டு, கைப்பையின் வாரை ஒரு சுற்றுச் சுற்றி விட்டு, ஊருக்குப் போயி மககிட்டப் பேசிட்டு வந்து சொல்றேனுங்க என்றார். அண்ணா இல்லை. வெறும் சொல்றேனுங்க. அந்த இல்லாத அண்ணாவை வைத்துக்கொண்டு சென்னியப்பன் இத்தனை நாள் பிழைப்பை ஓட்டிவிட்டார்.

ஆனால் கல்யாணம் என்ற வார்த்தையைச் சொல்லவே இல்லையே. குக்கர் என்றுதானே சொன்னார்? மனுஷனாகப் பிறந்தவன் எவனாவது குக்கரை வைத்துப் பெண் கேட்பானா? டீச்சர் அதை வெறும் சமையல் பங்காக எடுத்துக்கொண்டு, அரிசி உங்களது பருப்பு என்னது என்று கணக்குப் போட்டுக்கொண்டு வந்தால்? சேச்சே, சமையல் பங்குக்குப் போய் ஒரு மாதம் யோசிப்பார்களா, அதுவும் மகளிடம் பேச வேண்டும் என்று தலையைக் குனிந்துகொண்டு சொல்வார்களா. புரிந்துதான் இருக்கிறது. புரிந்த பிறகுதான் மறுநாள் காலையில் சாவியைக் கொண்டுவந்து கையில் வைத்தார், செடியைப் பார்த்துக்கச் சொல்லி. ஆட்காட்டி விரலை மண்ணுக்குள் முதல் கணு வரைக்கும் விட்டுப் பாருங்கள், ஈரம் பட்டால் தண்ணீர் வேண்டாம், காய்ந்திருந்தால் மட்டும் ஊற்றுங்கள்; நேர் வெயில் ஆகாது; தண்டிலிருந்து தொங்குகிற வேரை அழுக்கென்று பிய்த்துவிட வேண்டாம்; இலையை ஈரத்துணியால் துடைத்தால் போதும். போதும் என்றுதான் சொன்னார். அந்தப் போதும் சென்னியப்பன் காதில் நன்றாக விழுந்தது, மண்டையிலும் ஏறியது, ஆனாலும் பாருங்கள், கை கேட்கவில்லை. இது பரீட்சை என்று அன்றைக்கே அவருக்குப் புரிந்துபோயிற்று. ஒரு செடியைப் பார்த்துக்கொள்ளத் துப்பில்லாதவனை நம்பி ஒரு பொம்பளை மிச்ச வாழ்நாளைக் கொடுப்பாளா? தெரிந்த பாடம், சுலபமான கேள்வி, கணக்கு டீச்சர் வேண்டுமென்றே சுலபமாகத்தான் கொடுத்தார். அதிலும் கோட்டை விட்டவன் வேறு எதில் தேறப் போகிறான்.

எல்லாம் டீச்சர் ஊருக்குப் போன முதல் வாரம் அந்தச் சனிக்கிழமை செய்த வேலை. ரோட்டில் மேம்பாலத்துக்குத் தோண்டுகிற புழுதி ஜன்னலை மூடி வைத்தாலும் உள்ளே வந்துவிடுகிறது. ஈரத்துணியால் துடைத்தால் அந்த நேரத்துக்குப் பளிச்சென்று இருக்கும், சாயங்காலம் பார்த்தால் பழையபடி மங்கல். சனிக்கிழமை சென்னியப்பன் எண்ணெய் தேய்த்துக் குளிக்கிற நாள். ஊரே கைவிட்டாலும் அவர் கைவிடாத பழக்கம் அது ஒன்றுதான். வைத்தியனுக்குக் கொடுப்பதை வாணியனுக்குக் கொடு என்று சொல்லிச் சொல்லி அம்மா தலையில் ஊற்றின நல்லெண்ணெய், சீரகம் போட்டு இளஞ்சூடாகக் காய்ச்சினது. அன்றைக்கும் காய்ச்சித் தலைக்கு, காதுக்கு, உள்ளங்காலுக்கு என்று வைத்தது போகக் கிண்ணத்தில் கொஞ்சம் மீந்துவிட்டது. எண்ணெயை வீசக் கூடாது. அதுவும் சனிக்கிழமை எண்ணெயை வீசவே கூடாது. தலையில் எண்ணெய் வழிய, கிண்ணமும் கையுமாக நின்றவருக்குத் திடீரென்று எதிர்வீட்டில் வறண்ட தோலோடு நிற்கிறவன் ஞாபகம் வந்தான். பாவம், பெற்றவள் ஊரில் இல்லாத பிள்ளை மாதிரி புழுதி படிந்து நிற்கிறான். ஆனால் ஒரு சந்தேகம் வந்தது. ஆம்பளைக்குப் புதனும் சனியும், பொம்பளைக்குச் செவ்வாயும் வெள்ளியும் அல்லவா கணக்கு? செடி ஆணா பெண்ணா? கம்பைத் தொற்றி ஏறுகிற வேகத்தைப் பார்த்தால் ஆண்தான் என்று முடிவு கட்டி, வலது கையால் ஒவ்வோர் இலைக்கும் மேலே கீழே நரம்பு நரம்பாகத் தேய்த்துவிட்டார். அடடா, அந்தப் பளபளப்பை என்னவென்று சொல்வது. மணவறைக்குப் புறப்பட்ட மாப்பிள்ளை மாதிரி நின்றான். தள்ளி நின்று பார்த்து, டீச்சர் மட்டும் இப்போது வந்தால் அசந்துபோவார் என்று நினைத்து, தம் வீட்டுக்குப் போய்க் குளித்துவிட்டு வந்தும் இன்னொரு தடவை பார்த்துச் சந்தோஷப்பட்டார்.

மறுநாள் பார்த்தால் மேம்பாலமே இலை மேல் வந்து உட்கார்ந்திருந்தது. எண்ணெயில் ஒட்டின புழுதி துணிக்கு வருமா? தேய்க்கத் தேய்க்கச் சேறாகிறது. எண்ணெய்க்குச் சீயக்காய்தான் மருந்து என்பது பச்சைப் பிள்ளைக்கும் தெரியும், ஆகவே சீயக்காயைக் கரைத்துக் குளிப்பாட்டினார். தொட்டிக்கு அடியில் பக்கெட்டை வைக்க மறந்ததில் டைல்ஸ் தரையெல்லாம் வழவழவென்றாகி, வழுக்கி விழுந்து, நல்லவேளை செடியைப் பிடிக்காமல் சோபாவைப் பிடித்தார். ஒரு வாரம் கழித்து அடி இலை ஒன்று மஞ்சளானது. காலையில் ஓரத்தில் மஞ்சள், மறுநாள் பாதி, அப்புறம் முழுசும், பிறகு தொட்டதும் கையோடு வந்துவிட்டது. அதைக் குப்பையில் போட மனசு வரவில்லை. குப்பை வாங்க வருகிற அம்மாவின் கண்ணில் பட்டு, டீச்சர் ஊரில் இல்லாதபோது சென்னியப்பன் வீட்டிலிருந்து டீச்சர் செடி இலை வருகிறதே என்று அபார்ட்மெண்ட் முழுக்கப் பேச்சாகிவிட்டால்? அந்த அம்மாவுக்கு வாழை இலைக்கும் இந்த இலைக்கும் வித்தியாசம் பார்க்க நேரம் ஏது என்று இப்போது தோன்றுகிறது, அன்றைக்குத் தோன்றவில்லை. துணி பீரோவில் வேட்டி மடிப்புக்குள் ஒளித்து வைத்திருக்கிறார். கோயில் பிரசாதம் வைக்கிற இடத்தில் ஃபிலோடென்ட்ரான் இலை. போன் செய்து டீச்சரிடமே சொல்லிவிடலாம் என்று எத்தனையோ தடவை போனை எடுத்தார். டீச்சர் நாலு நாளைக்கு ஒரு தடவை கூப்பிட்டு, செடி எப்படிங்க என்பார். நல்லா இருக்குதுங்க என்பார் இவர். நீங்க எப்படிங்க என்பார் டீச்சர். நல்லா இருக்கறேனுங்க என்பார் இவர். ரெண்டாவது பதில் முழு உண்மை. அந்தக் கேள்வி வந்த நாளெல்லாம் கம்பெனியில் மோட்டார்களைக் கூட அவர் ஒரு பிரியத்தோடுதான் தண்ணீரில் இறக்கினார்.

இப்போது என்ன செய்வது? இதே மாதிரி ஒன்றை நர்சரியில் வாங்கி வந்து மாற்றி வைத்துவிடலாமா என்று ஒரு நினைப்பு வந்து, வந்த வேகத்திலேயே வெட்கப்பட்டுப் போனது. செடிக்கு முகம் கிடையாதா என்ன? அந்தக் கம்பில் மூன்றாவது கட்டு டீச்சருடைய பழைய புடவைக் கரையில் கிழித்தது, மாம்பழ மஞ்சளில் ஊதா நூல். அதற்குப் பக்கத்து இலையில் எப்போதோ பூச்சி கடித்த ஓட்டை ஒன்று, அதன் வழியாகப் பார்த்தால் சமையலறைக் கதவு தெரியும். இதெல்லாம் ஒரு மாதத்துக்கு முன்னால் அவருக்குத் தெரியாது. தினமும் வேலைக்குப் போகுமுன் ஒரு தடவை, வந்த பிறகு ஒரு தடவை என்று இங்கே வந்து உட்கார்ந்ததில் வீடே பழகிவிட்டது. எந்தச் சுவிட்சைத் தட்டினால் எந்த விளக்கு எரியும் என்று தெரியும். மிளகாய்த்தூள் டப்பாவில் சர்க்கரையும் சர்க்கரை டப்பாவில் ரவையும் இருக்கின்றன என்று, ஒரு நாள் இங்கேயே காபி போட்டுக் குடித்தபோது தெரிந்துகொண்டார். கணக்கு டீச்சர் சமையலறை இப்படி இருப்பதை நினைத்து அன்றைக்கு வெகுநேரம் தனியாகச் சிரித்துக்கொண்டிருந்தார். விரலை மண்ணுக்குள் விட்டு ஈரம் பார்க்கிற அந்த நிமிஷம் அவருக்கு மிகவும் பிடித்துப்போயிற்று. குளுமையாக, அமைதியாக, யாரோ கையைப் பிடித்துக்கொண்ட மாதிரி இருக்கும். பதில் இல்லை என்று வந்தால் இந்த விரலுக்கு இனிமேல் இந்த மண் கிடையாது. அதை நினைத்ததும் வேட்டி நுனியால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். அடச்சீ, இன்னும் எதுவும் நடக்கவில்லை, அதற்குள் என்ன அழுகை, டீச்சர் வருகிற நாளில் கண்ணைக் கசக்கிக்கொண்டு நிற்பதாவது என்று தம்மையே அதட்டிக்கொண்டு எழுந்து, வாங்கி வைத்திருந்த பால் பாக்கெட்டைத் தம் வீட்டிலிருந்து எடுத்து வந்து இந்த வீட்டு ஃபிரிட்ஜில் வைத்தார்.

ஸ்டேஷனுக்குப் போயிருக்க வேண்டுமோ? வர வேண்டாங்க, ஆட்டோவில் வந்துவிடுகிறேன் என்றுதான் டீச்சர் சொன்னார். வர வேண்டாம் என்றால் வர வேண்டாம் என்று அர்த்தமா, வந்தால் தேவலை என்று அர்த்தமா? மோட்டார் என்றால் சத்தத்தை வைத்தே பேரிங் தேய்ந்திருக்கிறதா என்று சொல்லிவிடுவார். இந்த விஷயத்தில் காது வேலை செய்யவில்லை. செடியிடமும் அப்படித்தான் ஒரு நாள் காதை வைத்துப் பார்த்தார், நார்க்கம்பு வாசனைதான் வந்தது. போகட்டும். யோசித்துக்கொண்டே ரெண்டு மணி நேரம் போய்விட்டது, வண்டி வந்திருக்கும். ஆட்டோ பிடித்திருப்பார். மேம்பால வேலைக்குச் சுற்றிக்கொண்டுதான் வர வேண்டும், அது இன்றைக்கு ஒரு நன்மை. சொல்லிவிட வேண்டியதுதான். முகத்துக்கு நேரே, டீச்சர், உங்க செடிக்கு நான் எண்ணெய் தேய்ச்சுக் குளிப்பாட்டினேன், அது போயிருச்சு என்று சொல்லிவிட வேண்டியதுதான். போயிருச்சு என்பது என்னமோ பெரியவர் ஒருத்தர் தவறின மாதிரி இருக்கிறது. கெட்டுப்போச்சு? அது தயிருக்கு. வாடிப்போச்சு என்றால் தண்ணீர் ஊற்றவில்லை என்று ஆகிவிடும், அந்தப் பழி மட்டும் வேண்டாம், தண்ணீர் விஷயத்தில் அவர் விரல் ஒரு நாளும் தவறினதில்லை. வார்த்தை தேடிக்கொண்டே ஸ்டூலை இழுத்துப் போட்டு ஏறி, குருத்தைக் கிட்டத்தில் பார்த்தார். எண்ணெய் பட்டிருக்குமோ? குருத்துக்கு அவர் எண்ணெய் வைக்கவே இல்லையே, இளசு என்று விட்டுவிட்டாரே. தலை உச்சிக்கு வைக்காமல் விட்டதுதான் தப்பாகிவிட்டதா? ஏதோ ஒரு நப்பாசையில் விரல் நுனியால் மெல்லத் தொட்டார். மெல்லத்தான் தொட்டார், சாமி சத்தியமாக மெல்லத்தான். சருகு அப்படியே கழன்று அவர் உள்ளங்கையில் விழுந்தது.

அதே நேரம் காலிங் பெல் அடித்தது. டீச்சராக இருக்காது, டீச்சர் கைப்பையில் இன்னொரு சாவி இருக்கிறது, தம் வீட்டுக்கு யாராவது பெல் அடிப்பார்களா, குப்பைக்காரம்மாவாகத்தான் இருக்கும். உச்சியைத் திரும்பிப் பார்க்கிற தைரியம் இல்லை. சருகைச் சட்டைப் பையில் திணித்து, ஸ்டூலிலிருந்து இறங்கி, புழுதி பட்ட கையை வேட்டியில் துடைத்துக்கொண்டு கதவைத் திறந்தார். கோகிலவாணி டீச்சர் நின்றார். ரெண்டு பெட்டி, ஒரு பை, ரயில் தூக்கத்தில் கலைந்த தலை, கொஞ்சம் கருத்திருந்தார், கொஞ்சம் இளைத்தும் இருந்தார், என்ன இருந்தாலும் சென்னை வெயில். சென்னியப்பன் தாம் நிற்பது யார் வீடு என்பதையே மறந்து, கதவை அகலத் திறந்துவிட்டு, வாங்க வாங்க என்று சொன்னார். சொன்ன பிறகுதான் புத்தி வந்தது. அவங்க வீட்டுக்கு அவங்களையே வாங்கன்னு கூப்பிடுகிறோமே என்று நாக்கைக் கடித்துக்கொண்டார்.

டீச்சர் உள்ளே வரவில்லை. வாசலிலேயே நின்று அவரைப் பார்த்தார்.

"சாவி பையிலதானுங்க இருந்துச்சு," என்றார். "பன்னெண்டு வருஷமா நானே பூட்டி நானே தொறந்துட்டிருக்கறேன். இன்னைக்கு பெல்லடிச்சுப் பார்க்கலாம்னு தோணுச்சு. உள்ளேயிருந்து ஒருத்தர் வந்து தொறந்தா எப்படி இருக்குதுன்னு பார்க்கலாம்னு."

எப்படி இருந்தது என்று சென்னியப்பன் கேட்க வேண்டும், அதைக் கேட்கிற இடத்தில் வாய் குருத்து என்று ஆரம்பித்தது. குருத்துங்க டீச்சர், குருத்து போயிருச்சுங்க, எல்லாம் என்னாலதானுங்க என்று திக்கித் திணறி, பைக்குள்ளிருந்து சருகை எடுத்து நீட்டினார். தேடி வைத்த வார்த்தை ஒன்றும் உதவிக்கு வரவில்லை. டீச்சர் சருகை வாங்கக்கூட இல்லை. இவர் தோளுக்கு மேலே எட்டிப் பார்த்து, அட, புது எலை வந்திருக்குதுங்களே என்று பெட்டியைப் போட்டது போட்டபடி செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே போனார். சென்னியப்பன் திரும்பிப் பார்த்தார். சருகு கழன்ற இடத்தில், இறுக்கமாகச் சுருட்டின, செப்புப் பாத்திரத்தைப் புளி போட்டு விளக்கின நிறத்தில், புதிதாக ஓர் இலை நிமிர்ந்து நின்றது. அது குருத்தில்லீங்க, மேல் உறை, உள்ளே இலை வளர்ந்ததும் அது காய்ந்து தானாக விழுந்துவிடும், ஒவ்வோர் இலைக்கும் இப்படித்தான் என்று டீச்சர் வகுப்பில் சொல்வது மாதிரி சொல்லிக்கொண்டே அடி இலை ஒன்றைத் தடவினார். தடவின விரலைப் பார்த்தார். மூக்கருகே கொண்டுபோனார். இன்னொரு தடவை மோந்தார்.

இனி மறைக்க என்ன இருக்கிறது. சென்னியப்பன் சனிக்கிழமையிலிருந்து ஆரம்பித்தார். மீந்த எண்ணெய், ஆணா பெண்ணா என்ற சந்தேகம், மேம்பாலப் புழுதி, சீயக்காய், வழுக்கி விழுந்தது, வேட்டி மடிப்புக்குள் இருக்கிற மஞ்சள் இலை வரைக்கும் ஒன்று விடாமல் சொன்னார். சீயக்காய் வரும்போதே டீச்சர் வாயைப் பொத்திக்கொண்டார். வேட்டி மடிப்பு வந்தபோது ஸ்டூல் மேல் உட்கார்ந்துவிட்டார். கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தார், முந்தானையால் துடைத்துக்கொண்டு மறுபடி சிரித்தார். இந்த வீட்டில் இப்படி ஒரு சிரிப்புச் சத்தம் கேட்டு எத்தனை வருஷம் ஆகியிருக்கும் என்று சென்னியப்பனுக்குத் தோன்றியது. அடி இலை வயசாகி உதிரும், அதற்கு எண்ணெய் காரணமில்லை என்று சிரிப்புக்கு நடுவில் ஆறுதல் சொன்னார். பிறகு மகளிடம் பேசியாயிற்று என்றும், போன அன்றைக்கே பேசியாயிற்று என்றும், இலையைப் பார்த்துக்கொண்டே சொன்னார். என்ன பேசினார், மகள் என்ன சொன்னாள் என்று சென்னியப்பனுக்குத் தெரிந்துகொள்ள வேண்டியிருந்தது. கேட்கவும் முடியாமல் கேட்காமலிருக்கவும் முடியாமல், பால் வாங்கி வெச்சிருக்கறேனுங்க, காபி போடட்டுங்களா என்று மட்டும் கேட்டார்.

டீச்சர் எழுந்து, இலை பட்டுப் பிசுபிசுத்த விரலைப் பக்கத்தில் நின்ற அவர் சட்டைக் கையிலேயே மெதுவாகத் துடைத்தார்.

"செடிக்கு எண்ணெய் வேண்டாமுங்க, அதுக்கு மூச்சு முட்டும்," என்றார். "நாம தேய்ச்சுக்கலாம். நீங்க சனிக்கிழமை, நானு வெள்ளிக்கிழமை. சீயக்காய் மட்டும் ரெண்டு பேருக்கும் சேர்த்து அரைச்சு வெச்சுக்கலாம்."

சென்னியப்பன் சமையலறைக்குப் போய், மிளகாய்த்தூள் டப்பாவிலிருந்து சர்க்கரையை எடுத்தார்.